அதிகாலை 3:33க்கு ஜன்னலில் ஓர் ஆந்தை

படம் தொடங்கியதும் நடிகை மிலா யோவோவிச் கேமராவைப் பார்த்தபடியே நம்மை நோக்கி நடந்து வருகிறார். நான் ஒரு நடிகை, இதில் அபிகெயில் டைலர் என்ற உளவியல் நிபுணராக நடிக்கிறேன், நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு காட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது என்கிற மாதிரி பேசுகிறார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம் என்று முடிக்கிறார்.

அப்புறம் திரை அவ்வப்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் யோவோவிச் நடிக்கும் காட்சி. மறுபக்கம் கலங்கலான, கோடு விழுந்த 'அசல்' வீடியோ. அதில் வெளிறிய முகமும் குழி விழுந்த கண்ணுமாக 'நிஜ' டைலர் உட்கார்ந்திருக்கிறார். அலாஸ்காவில் நோம் என்கிற ஊரில், அவரிடம் வரும் நோயாளிகள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். அதிகாலை 3:33க்கு விழிப்பு வருகிறது. ஜன்னலில் ஒரு வெள்ளை ஆந்தை உட்கார்ந்து உற்றுப் பார்க்கிறது. ஹிப்னாடிசத்தில் ஆழ்த்திக் கேட்டால், அது ஆந்தையே இல்லை என்று அலறுகிறார்கள்.

2009ல் வந்த 'தி ஃபோர்த் கைண்ட்' படம்தான் இது. வானியலாளர் ஆலன் ஹைனெக் 1972ல் பறக்கும் தட்டு அனுபவங்களை மூன்று வகையாகப் பிரித்தார். தூரத்து வெளிச்சங்களைத் தனியாக ஒதுக்கிவிட்டு, மிக அருகில் பார்ப்பது, தடயம் கிடைப்பது, உள்ளே இருப்பவர்களையே பார்ப்பது என்று மூன்று. ஆளையே தூக்கிக்கொண்டு போவது நான்காவது வகை, படத்தின் பெயருக்கு அர்த்தம் அதுதான். அதைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். முதல் தடவை பார்த்த அன்று நான் லைட்டை அணைக்காமல்தான் படுத்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அபிகெயில் டைலர் என்று யாருமே இல்லை. 'நிஜ' டைலராக வருபவரும் ஒரு நடிகைதான், பெயர் சார்லட் மில்ச்சர்ட். படத்தில் நோம் மலையும் காடுமாகத் தெரிகிறது. உண்மையான நோம் பெரிங் கடலோரத்தில், மரமே இல்லாத துந்திர நிலத்தில் இருக்கிறது. படத்தின் பெரும்பகுதியைப் பல்கேரியாவில் எடுத்தார்கள். விளம்பரத்துக்காக அலாஸ்காவின் நிஜமான பத்திரிகைகளின் பெயரில் பொய்ச் செய்திகளைத் தயாரித்து இணையத்தில் உலவவிட்டார்கள். பத்திரிகைகள் சண்டைக்கு வந்ததும், படத்தை வெளியிட்ட யுனிவர்சல் நிறுவனம் 22,500 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

எனக்கு இதில் கசப்பாக இருப்பது வேறு ஒன்று. நோமில் ஆட்கள் காணாமல் போனது உண்மை. 1960களிலிருந்து சேர்ந்துவந்த சுமார் 24 மரணங்களையும் காணாமல் போன சம்பவங்களையும் எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. குடியும் கொடுங்குளிரும்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தது. ஒன்பது பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. அவர்களில் பலர் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து டவுனுக்கு வந்த பூர்வகுடிகள். அந்தக் குடும்பங்களின் துக்கத்தை எடுத்து அதன்மேல் பறக்கும் தட்டை இறக்கினார்கள். படத்தில் இருந்த ஒரே உண்மைச் சம்பவம் அதுதான்.

சரி, இவ்வளவு தெரிந்த பிறகும் அந்தக் கலங்கல் வீடியோ ஏன் வேலை செய்கிறது? கவரிங் நகையைப் பக்கத்தில் வைத்துவிட்டால், அடுத்ததைத் தங்கம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இது நடிப்பு என்று ஒரு பக்கத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டதால், மறுபக்கம் நடிப்பாக இருக்கும் என்று மனசுக்குத் தோன்றவே தோன்றாது. நம் ஊரில் நடந்த கதையைப் படமாக எடுத்தால்கூட 'அனைத்தும் கற்பனையே' என்று கார்டு போடுவார்கள். அங்கே கற்பனைக்கு 'உண்மை' என்று கார்டு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு தகவல் மூளையில் பதிவதும், அது எங்கிருந்து வந்தது என்பது பதிவதும் தனித்தனி வேலைகள். இரண்டாவது சீக்கிரம் அழிந்துவிடும். ஆந்தை நினைவில் இருக்கும். அதை எங்கே பார்த்தோம், படத்திலா, யாரோ சொன்னதிலா, கனவிலா என்பது நாளாக நாளாக மங்கிவிடும்.

இனி, படம் எடுக்காதவர்களுக்கு வருவோம். தன்னை உண்மையிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அழுதுகொண்டே சொல்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை. கதையின் மூலப்பொருள் பல சமயம் படுக்கையிலேயே கிடைத்துவிடுகிறது.

எனக்கு ஒரே ஒரு தடவை நடந்தது. இரண்டு ராத்திரி சரியான தூக்கம் இல்லை. மூன்றாம் ராத்திரி மாடி அறையில் மல்லாந்து படுத்திருந்தேன். விடியப்போகிற நேரத்தில் கண் திறந்துகொண்டது. ஃபேன் சுற்றுவது தெரிகிறது, கொடியில் தொங்கும் துண்டு தெரிகிறது. கை வரவில்லை, கால் வரவில்லை. கத்தப் பார்த்தால் சத்தம் தொண்டையோடு நின்றுவிட்டது. கதவோரம் யாரோ நிற்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அப்புறம் நெஞ்சின்மேல் ஒரு பாரம். ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது. காலையில் ஆச்சியிடம் சொன்னேன். "அமுக்குவான் பேய்டா அது. தலைமாட்டுல ஒரு இரும்ப வச்சுக்கிட்டுப் படு" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவப் போய்விட்டார்.

மருத்துவத்தில் இதற்கு ஸ்லீப் பராலிசிஸ் என்று பெயர், தமிழில் தூக்க முடக்கம் என்று சொல்லலாம். கனவு காணும் தூக்கத்தில் கண்கள் மட்டும் மூடிய இமைக்குள் வேகமாக அசையும். மற்ற பெரும்பாலான தசைகளை மூளைத்தண்டு அணைத்துவைக்கும். கிளைசின், காபா என்ற ரசாயனங்கள் தண்டுவடத்தில் இருக்கும் இயக்க நரம்புகளின் வாயை அடைத்துவிடும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் சுவரில் போய் முட்டுவான். விழிப்பு வரும்போது இந்தப் பூட்டும் கூடவே திறக்க வேண்டும். சில சமயம் விழிப்பு முந்திக்கொள்கிறது, பூட்டு அப்படியே கிடக்கிறது.

மற்றதெல்லாம் இதிலிருந்தே வருகிறது. மூச்சை உதரவிதானம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகள் தளர்ந்திருப்பதால், பயந்துபோய் ஆழமாக மூச்சிழுக்க முயன்றால் முடியாது. யாரோ நெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக மூளை அதைப் புரிந்துகொள்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி கனவுத் தூக்கத்தில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். அறையில் யாரோ இருக்கிறார்கள் என்ற நிச்சயம் அங்கிருந்து பிறப்பதாகக் கருதுகிறார்கள். கனவுத் துண்டுகள் திறந்த கண்ணுக்கு முன்னால் ஓடும். ரீங்காரம், வெளிச்சம், மிதப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும். மல்லாந்து படுப்பவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் இது அதிகம். விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீளும் என்பதால் பின்னிரவில்தான் வாய்ப்பு அதிகம். படத்தில் வரும் 3:33ம் அந்த நேரம்தான்.

இது அபூர்வமான நோயும் இல்லை. 2011ல் 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நூறு பேரில் சுமார் எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்திருந்தது. மாணவர்களில் நூற்றுக்கு 28. யாரோ நிற்பது போன்ற உணர்வைச் செயற்கையாகவும் வரவழைத்திருக்கிறார்கள். 2006ல் சுவிட்சர்லாந்தில் நரம்பியல் ஆய்வாளர் ஒலாஃப் பிளாங்கே குழுவினர் வலிப்பு நோய்ப் பரிசோதனைக்கு வந்த ஒரு பெண்ணின் மூளையில், இடது காதுக்கு மேலே பின்பக்கமாக ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். தன் பின்னால் ஒரு நிழல் மனிதன் இருப்பதாக அவர் சொன்னார். அவர் உட்கார்ந்தால் அதுவும் உட்கார்ந்தது.

ஆக, அனுபவம் எங்கும் ஒன்றுதான். வைக்கிற பெயர் ஊருக்கு ஊர் மாறுகிறது. நமக்கு அமுக்குவான் பேய். ஜப்பானில் கனாஷிபாரி, அதாவது உலோகத்தால் கட்டிப்போட்டது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நெஞ்சில் ஏறி உட்காருவது ஒரு கிழவி. 1960களுக்குப் பிறகு அமெரிக்காவில் அந்த இடத்துக்குச் சாம்பல் நிறத்தில், பெரிய கண்ணோடு ஒருவன் வந்துவிட்டான்.

அவன் வந்த வழியைத் தேடிப் போனால் பெட்டி ஹில் என்ற பெண்ணிடமும் அவர் கணவர் பார்னியிடமும் போய் நிற்போம். 1961 செப்டம்பர் 19 இரவு நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பாதையில் காரில் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு வெளிச்சம் பின்தொடர்வதாகத் தோன்றியது. வீட்டுக்கு வர எதிர்பார்த்ததைவிடத் தாமதமானது. கடத்திப் போனதாக அன்று இருவரும் சொல்லவில்லை. கடத்தலும் பரிசோதனையும் பத்து நாள் கழித்து பெட்டிக்கு வந்த கெட்ட கனவுகளில்தான் முதலில் நடந்தன. கனவுகளை அவர் எழுதி வைத்தார், பலரிடம் பேசினார், பார்னியும் கேட்டார். 1964ல் பாஸ்டன் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமன் இருவரையும் தனித்தனியே ஹிப்னாடிசத்தில் ஆழ்த்திக் கேட்டபோது, இருவரும் கிட்டத்தட்ட ஒரே கதையைச் சொன்னார்கள். உலகம் அதை ஆதாரம் என்றது. சைமனோ, இது பெட்டியின் கனவிலிருந்து வந்த கதை, பார்னிக்குத் தொற்றியது என்றுதான் முடிவு செய்தார். அவர் சொன்னதை அதிகம் பேர் காதில் வாங்கவில்லை.

பக்கவாட்டில் நீண்டு வளைந்த கண்களைப் பற்றி பார்னி சொன்ன அமர்வு 1964 பிப்ரவரி 22ல் நடந்தது. அப்படிப்பட்ட கண்ணுள்ள ஒரு வேற்றுக்கிரகவாசி 'தி அவுட்டர் லிமிட்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் வந்தது பிப்ரவரி 10ல். நடுவே 12 நாள். பார்னி அதைப் பார்த்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது, பெட்டி மறுத்தார். ஆனாலும் அந்தத் தேதிகளை என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

ஹிப்னாடிசம் மறந்ததைத் தோண்டி எடுக்கும் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அது உண்மையில் கற்பனையைத் தளர்த்திவிடுகிறது, கிடைத்ததன்மேல் நம்பிக்கையைக் கூட்டுகிறது. நினைவு என்பது பெட்டியில் வைத்த கேசட் இல்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டப்படுகிறது. ஹிப்னாடிசம்கூட வேண்டாம், ஒரு வினைச்சொல் போதும். 1974ல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் ஒரு கார் விபத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார். கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார். முதல் கூட்டத்தில் 14 சதவீதமும், இரண்டாவது கூட்டத்தில் 32 சதவீதமும் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை.

"நினைவே பொய் என்றால், கடத்தப்பட்டதாகச் சொல்பவர் ஏன் நடுங்குகிறார்?" என்ற கேள்விக்கு ஹார்வர்டில் உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நாலி 2004ல் விடை தேடினார். கடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்கு அவர்களுடைய கதையையே ஒலிப்பதிவு செய்து போட்டுக் காட்டி, இதயத்துடிப்பையும் வியர்வையையும் அளந்தார். போரிலிருந்து திரும்பி மனம் உடைந்தவர்கள் தங்கள் நினைவைக் கேட்கும்போது உடம்பு எப்படித் துடிக்குமோ, அதற்குக் குறையாமல் துடித்தது. நடந்தது என்று நம்பினால் உடம்புக்கு அதுவே போதும்.

ஹில் தம்பதியின் கதை தொலைக்காட்சிப் படமாகி, 1975 அக்டோபர் 20ல் அமெரிக்கா முழுக்க ஒளிபரப்பானது. சரியாக 16 நாள் கழித்து, நவம்பர் 5ல், அரிசோனா காட்டில் மரம் வெட்டப் போன டிராவிஸ் வால்டன் காணாமல் போனார். ஒரு வெளிச்சம் அவரைத் தாக்கியது என்று கூட இருந்த ஆறு பேரும் சொன்னார்கள். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தவர், பெரிய கண்ணுள்ள குட்டையான உருவங்களைப் பார்த்ததாகவும், அவை போன பிறகு ஹெல்மெட் போட்ட, மனிதரைப் போன்ற ஒருவர் தன்னை அழைத்துப்போனதாகவும், முகத்தில் எதையோ வைத்ததும் நினைவு தப்பிவிட்டதாகவும் சொன்னார்.

அதை 1993ல் 'ஃபயர் இன் தி ஸ்கை' என்று உண்மைக் கதையாகவே படம் எடுத்தார்கள். வால்டன் சொன்ன கப்பல் காட்சி அவர்களுக்குப் போதவில்லை. பிசுபிசுக்கும் குகை, மேலே இறுக்கிப் போர்த்தும் சவ்வு, கண்ணுக்கு நேராக இறங்கும் ஊசி என்று புதிதாக எழுதிக்கொண்டார்கள். படம் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதலில் அந்த ஊசியைத்தான் சொல்வார்கள்.