பப்: பலர் புகு மனை

இங்கிலாந்தில் இருக்கும் நாங்கள் 'பப்' என்பதைத் தமிழில் எழுத நேர்ந்தால் 'மதுக்கடை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். எனக்கு அது எப்போதும் இடறும். கடை என்றால் காசைக் கொடுத்து, பொருளை வாங்கிக்கொண்டு வெளியேறுகிற இடம். பப்புக்குப் போகிறவர் உட்காருகிறார், பேசுகிறார், மழை விடும்வரை இருக்கிறார். சிலர் ஆரஞ்சுச் சாறு மட்டும் குடித்துவிட்டு வருவதும் உண்டு. 'பார்' என்றும் சொல்லலாம்தான். ஆனால் அந்தச் சொல், ஊற்றுபவருக்கும் குடிப்பவருக்கும் நடுவில் கிடக்கிற பலகையிலிருந்து வந்தது.

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் குறுக்கமே பப். நீண்ட வடிவம் 17ஆம் நூற்றாண்டிலிருந்து மதுவிற்கும் வீட்டைக் குறிக்கிறது. குறுகிய வடிவம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. 'வீடு' என்பது இங்கே வெறும் அலங்காரம் இல்லை. அதற்கு முன்பு மூன்று வகை இடங்கள் இருந்தன: தங்க இடம் தரும் 'இன்', திராட்சை மது விற்கும் 'டாவர்ன்', வீட்டில் காய்ச்சிய 'ஏல்' என்னும் பியரை விற்கும் 'ஏல்ஹவுஸ்'. இந்த மூன்றாவது உண்மையிலேயே வீடுதான். பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே காய்ச்சுவாள். வாசலில் ஒரு கம்பை நட்டுச் செடிக்கொத்தைக் கட்டினால் ஏல் தயார் என்று ஊருக்குத் தெரியும்.

டாவர்ன் நமக்கும் உறவுதான். அதன் மூலம் லத்தீன் 'தபெர்னா'. அதே வேரிலிருந்து ஈழத்தில் 'தவறணை' ஆகிவிட்டது. கேட்டால் 'தவறு' என்பதிலிருந்து வந்ததுபோல் இருக்கும். இல்லை.

சரி, பப்புக்கு என்ன சொல்? புதிதாக ஆக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் 'பலர்புகு மனைப் பலிப் புதவின் நறவு நொடைக் கொடி' என்று ஓர் இடம் வருகிறது. நறவு கள், நொடை விற்பனை, புதவு வாசல். பலர் நுழையும் வீட்டின் வாசலில் கள் விற்பதைச் சொல்லும் கொடி. இங்கே செடிக்கொத்து, அங்கே கொடி. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதற்கு 'பலர் புகு மனை'யைவிட நெருக்கமாக யார் மொழிபெயர்த்துவிட முடியும்?

மனை என்றால் மனைக்குரியவர் ஒருவர் இருப்பார், அங்கே நடப்பதற்கு அவரே பொறுப்பு. ஆங்கிலச் சட்டம் அன்று முதல் பிடித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான். 1552இல் வந்த சட்டப்படி ஏல்ஹவுஸ் நடத்த இரண்டு நீதிபதிகளின் அனுமதி வேண்டும். ஒழுங்காக நடத்துவேன் என்று பிணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அனுமதிதான் 'லைசென்ஸ்'. லத்தீனில் 'அனுமதிக்கப்பட்டிருக்கிறது' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த சொல். தமிழ்நாட்டில் இதை 'உரிமம்' என்கிறார்கள், உரிமை என்பதன் வாசனையோடு. ஈழத்து 'அனுமதிப்பத்திரம்' நீளம்தான், ஆனாலும் பப் விஷயத்தில் அதுவே எனக்குச் சரியாகப் படுகிறது. கொடுத்தவர் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்பது அதில் தெரிகிறது.

இப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பது 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம். 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அனுமதி தருவது உள்ளூர்க் கவுன்சில். குடிவெறியில் இருக்கிறார் என்று தெரிந்தே ஒருவருக்கு மது விற்றால் குற்றம், அபராதம் 1,000 பவுண்ட் வரை. அவருக்காக இன்னொருவர் வாங்கிக் கொடுப்பதும் தனிக் குற்றம்.

இதை ஒருமுறை நேரில் பார்த்தேன். ஒருவர் நாணயங்களைப் பலகையில் அடுக்கப் பார்க்கிறார், அவை உருண்டு விழுகின்றன. பலகைக்குப் பின்னால் நின்ற பெண், குழாய்த் தண்ணீரை ஒரு கோப்பையில் பிடித்து அவர் முன் வைத்தாள். "இன்றைக்கு இவ்வளவு போதும்" என்றாள். அவருடைய நண்பர் எழுந்து வந்து "எனக்கு இரண்டு பைன்ட்" என்றார். "உங்களுக்கு ஒன்று தருகிறேன்" என்று ஒன்றை மட்டும் ஊற்றினாள்.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. வெறியில் இருப்பவருக்கு விற்றதற்காக வழக்கு வருவது மிக அரிது. எது வெறி என்று சட்டம் வரையறுக்கவில்லை, தெரிந்தே விற்றார் என்று நிரூபிக்கவும் வேண்டும். உண்மையான பிடி வேறு இடத்தில் இருக்கிறது: அனுமதியின் மறுஆய்வு. போலீஸ் மட்டுமல்ல, குடியிருப்பவர்களும் கவுன்சிலிடம் அதைக் கேட்கலாம். கவுன்சில் நிபந்தனைகளை மாற்றலாம், பொறுப்பாளரை நீக்கலாம், மூன்று மாதம் வரை அனுமதியை நிறுத்தி வைக்கலாம், அடியோடு ரத்தும் செய்யலாம். அபராதத்துக்கு அசையாதவர்கள் இதற்கு அசைவார்கள்.

அப்புறம், 'சர்விங்' என்பதற்குப் 'பரிமாறுதல்' என்று எழுதுகிறார்கள். இலை போட்டு விருந்து வைக்கிற சொல்லை இங்கே எதற்கு இழுக்க வேண்டும்? 'ஊற்றிக் கொடுத்தல்' என்று நம்மிடம் ஒன்று இருக்கிறது. "அவன் குடித்தான்" என்பதற்கும் "அவனுக்கு ஊற்றிக் கொடுத்தார்கள்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் எந்தத் தமிழருக்கும் காதில் விழும். பொறுப்பு யார் பக்கம் என்பதை வினையே சொல்லிவிடுகிறது. 2010 முதல் பப் அனுமதிகளில் சேர்க்கப்பட்ட கட்டாய நிபந்தனைகளில் ஒன்று, வாடிக்கையாளரின் வாய்க்குள் நேராக மதுவை ஊற்றக் கூடாது என்பது. அதைப் 'பரிமாறக் கூடாது' என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

பப் நடத்துபவருக்கு ஆங்கிலத்தில் 'பப்ளிகன்'. பழைய ஆங்கில விவிலியத்தில் இதே சொல் வரி வசூலிப்பவரைக் குறித்தது. ரோமில் அரசு வரியைக் குத்தகைக்கு எடுத்தவர்களின் பெயர் அது. தமிழ் விவிலியம் அவரை 'ஆயக்காரர்' என்கிறது. அதைப் பார்த்துப் பப்காரரையும் ஆயக்காரர் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கேட்டால் 'மனைக்காரர்' போதும்.