விதையில்லா வாழைக்கு வாடல் நோய் ஏன் இவ்வளவு ஆபத்து?

இன்று ஏற்றுமதிச் சந்தையில் முதன்மையான கேவண்டிஷ் வாழையில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இல்லை. மும்மூன்றாக, மொத்தம் 33. பாலணு (விந்தணு, முட்டை போன்ற இனப்பெருக்கச் செல்) உருவாகும்போது இவற்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது; அதனால் விதையும் இல்லை. பெருக்க வழி பக்கக்கன்று, இல்லாவிட்டால் ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று. ஆயிரம் மரம் நின்றாலும் மரபளவில் அது ஒரே மரம்தான்.

பாலினப் பெருக்கம் செலவு பிடித்த வேலை. துணை தேட வேண்டும். பிறப்பதில் பாதி ஆண், அது ஈனாது. கணக்குப்படி, தனித்தே பெருகும் இனம் இரு மடங்கு வேகத்தில் முந்திவிட வேண்டும். ஆனாலும் பெரும்பாலான விலங்குகளும் செடிகளும் பாலினப் பெருக்கத்தைக் கைவிடவில்லை. மனிதரின் 23 ஜோடிகள் பிரியும் விதத்தில் மட்டுமே ஒருவரிடம் 83 லட்சத்துக்கு மேற்பட்ட வகைப் பாலணுக்கள் உருவாகலாம். பழுதான மரபணுக்கள் சில பிள்ளைகளிடம் சேர்ந்து கழிந்துபோகும், மற்றவை தப்பிக்கும். நகலாகவே பெருகும் இனத்தில் சேர்ந்த பழுது அப்படியே தங்கிவிடும்.

இதைவிடப் பெரிய லாபம் நோய் எதிர்ப்பில்தான். எல்லாம் ஒரே நகல் என்றால், ஒன்றை வீழ்த்தும் கிருமி எல்லாவற்றையும் வீழ்த்தும். ஒரு காலத்தில் ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோ மிச்செல் வாழையை வாடல் நோயை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சையின் முதல் இனம் வீழ்த்தியது. 1960களுக்குள் வணிகம் கேவண்டிஷுக்கு மாறியது. இன்னொரு நகல்! இப்போது அதே பூஞ்சையின் டி.ஆர்.4 என்ற இனம் அதையும் தாக்குகிறது. 2019இல் கொலம்பியாவிலும் உறுதியானது.

கிருமியே பாலினப் பெருக்கத்தில் இறங்கினாலும் இழப்பு நமக்கே. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த கருகல் நோய்க் கிருமிக்கு ஏ1, ஏ2 என இரு இணைவகைகள் உண்டு. 1980களில் ஏ2 ஐரோப்பாவில் தென்பட்டது. இரண்டும் சேர்ந்தால் தடித்த சுவருள்ள வித்துகள் உருவாகி, செடியே இல்லாத மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

வாழைத் தோட்டத்தில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கினால் சந்தேகப்படுங்கள். தண்டை வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். குணப்படுத்த மருந்து இல்லை. அந்த வயலில் பக்கக்கன்று எடுக்கவே கூடாது: பார்வைக்குப் பச்சையாக இருக்கும் கன்றும் பூஞ்சையைச் சுமந்து வரும். காலணி, மண்வெட்டியில் ஒட்டிய மண்ணை முதலில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் அதன் வீரியம் குறைந்துவிடும். பாசன நீரும் நோயைக் கடத்தும்.

திசு வளர்ப்புக் கன்று பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது நோயில்லாமல் வரும் கன்று, நோயைத் தாங்கும் கன்று அல்ல. பூஞ்சை பல பத்தாண்டுகள் தங்கும் மண்ணில் நட்டால் அதுவும் வாடும். அங்கே எதிர்ப்புத்திறன் உறுதியான வேறு ரகம் வேண்டும், இல்லையென்றால் வேறு பயிர்.