கலர் படத்தைப் பார்த்துப் படுத்துவிடாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், வயது 40. மஞ்சப்பையிலிருந்து முதுகு எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் கலர் ஃபிலிமை உருவி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். இடுப்புப் பக்கம் இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் எல்4-எல்5 ஜவ்வைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். "மத்ததெல்லாம் பச்சையா இருக்கு டாக்டர், இது மட்டும் செவப்பு. அழுகிப்போச்சுன்னு மச்சான் சொல்றான்." இதை நம்பி இரண்டு மாதமாக வண்டியைத் தொடவில்லை. அந்த ஜவ்வு நரம்பை உரசக்கூட இல்லை!

தண்டையார்பேட்டையில் ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற எனக்கு இந்தச் 'சிவப்பு என்றால் அழுகலா' கேள்வி அலுத்துவிட்டது.

அந்தச் சிவப்பு ரத்தமும் இல்லை, புண்ணும் இல்லை. டி2 மேப்பிங் என்கிற இந்த முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் மில்லிசெகண்டில் ஓர் எண் வரும். ஜவ்வில் நீர் குறைந்தால் எண்ணும் குறையும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை சாஃப்ட்வேரில் நாங்கள்தான் வைக்கிறோம். இன்னொரு சென்டரில் அதே ஜவ்வு நீலமாக வரலாம். அப்போது மச்சான் என்ன சொல்வார்?

வழக்கமான ஸ்கேனில் கண்ணால் பார்த்துத் தேய்மானத்துக்கு 1 முதல் 5 வரை கிரேடு போடுகிறோம். ஒரே படத்துக்கு நான் 3 போட்டால் இன்னொருவர் 4 போடுவார். (மீட்டிங்கில் இதற்குச் சண்டையே நடக்கும்.) எண் இருந்தால் அந்தத் தகராறு குறையும், ஆராய்ச்சிக்கும் ரொம்ப உதவி. ஆனால் எண் சொல்வது தேய்மானத்தைத்தான், வலியை அல்ல. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வந்த ஆய்வில், 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. 40 வயதில் 68 சதவீதம். அவர்களில் யாருக்கும் முதுகுவலி இல்லை.

சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, பாதம் தூக்க வரவில்லை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். வலியோடு காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தாலும், விழுந்து அடிபட்டிருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்திருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லாத புது முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். அதுவரை நடமாடுங்கள், தயவுசெய்து படுத்தே கிடக்காதீர்கள். நீங்களாக ஸ்கேனுக்கு ஓடிவரவும் வேண்டாம்.

டாக்டர் மறுபடி அளக்கச் சொன்னால் அதே மெஷினில், முடிந்தவரை அதே நேரத்தில் எடுங்கள். நாள் முழுக்க நிமிர்ந்திருந்தால் சாயங்காலத்துக்குள் ஜவ்வில் நீர் கொஞ்சம் குறையும், எண்ணும் மாறும். பழைய சிடியையும் எடுத்து வாருங்கள். மச்சான் வட்டம் போட்ட ஃபிலிம் மட்டும் எனக்குப் போதாது.