ஆபீஸ் சீலிங்கில் ஆஸ்பெஸ்டாஸ்: பிரிட்டன் சட்டப்படி யார் பொறுப்பு, நீங்கள் எதைக் கேட்கலாம்?

பிரிட்டனில் 2000-க்கு முன் கட்டிய எந்த அலுவலகத்திலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அது ஒரு கனிம நார்; தூசாகி மூச்சில் போனால் நோய் தரும். நீலம், பழுப்பு வகைகளுக்கு 1985-இல் தடை வந்தது. வெள்ளை வகைக்கு 1999 நவம்பரில்தான் வந்தது. தடையெல்லாம் புதிதாகப் பயன்படுத்துவதற்குத்தான். ஏற்கெனவே சுவரிலும் சீலிங்கிலும் இருப்பதைப் பெயர்த்து எடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2022-இல் ஒரு நாடாளுமன்றக் குழு 40 ஆண்டுக் கெடு வைத்து எல்லாவற்றையும் அகற்றப் பரிந்துரைத்தது. அரசு அந்தக் கெடுவை ஏற்கவில்லை.

அதனால் "எங்கள் பில்டிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதாம், கேஸ் போடலாமா?" என்று கேட்டால், இருப்பதை மட்டும் வைத்துப் போட முடியாது. எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் விட்டிருந்தாலோ, பார்த்துவிட்டு டிரில் பிடிக்க வருபவரிடம் சொல்லாமல் இருந்தாலோதான் சட்டமீறல்.

இதைச் சொல்வது ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டு விதிகள் 2012-இன் 4-ஆம் விதி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். ஆபீஸ், கடை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் இதில் அடக்கம். அடுக்குமாடி வீடுகளின் பொதுப் படிக்கட்டும் நடைபாதையும்கூட அடக்கம். வீட்டின் உட்புறம் மட்டும் கிடையாது.

பொறுப்பு யாருக்கு? பழுது பார்க்கும் கடமை யாருக்கோ அவருக்கு. பல கம்பெனிகள் வாடகைக்கு இருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட், படிக்கட்டு, பாய்லர் அறை பெரும்பாலும் லேண்ட்லார்டுடையது. உங்கள் மாடி யாருடையது என்பதை லீஸ் பத்திரம்தான் சொல்லும். பத்திரம் எதுவும் சொல்லவில்லை என்றால், கட்டிடம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர் தலையில் விழும். லேண்ட்லார்டு கம்பெனியைக் கைகாட்ட, கம்பெனி லேண்ட்லார்டைக் கைகாட்டும் கூத்து சகஜம். அப்போது லீஸில் பழுதுபார்ப்பு பற்றிய பிரிவைக் காட்டச் சொல்லுங்கள்.

பொறுப்பாளர் நியாயமான அளவுக்குத் தேடிப் பார்க்க வேண்டும். வழக்கத்தில் ஒரு சர்வே எடுப்பார்கள். சந்தேகமான பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்காதவரை, இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பதிவேடு. நல்ல பதிவேட்டில் ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "3-ஆம் மாடி, லிஃப்ட் அருகே கேபிள் செல்லும் அலமாரி, கதவின் உட்பக்கப் பலகை, பழுப்பு வகை, பெயின்ட் பூசியது, கீழ் ஓரத்தில் சிறு உடைப்பு." வெறுமனே "சில இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் உள்ளது" என்று எழுதி வைப்பது யாருக்கும் உதவாது. பதிவேட்டோடு ஒரு மேலாண்மைத் திட்டமும் வேண்டும். அதை அவ்வப்போது மறுஆய்வு செய்ய வேண்டும். பொருளின் நிலையை ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்ப்பது நடைமுறை.

நம்மில் பலருக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்றால் ஊரில் பார்த்த கூரைத் தகடுதான் ஞாபகம் வரும். அது சிமென்டில் இறுகிக் கிடப்பது. நார் சுலபத்தில் பறக்காது. ஆபீஸில் கவலைப்பட வேண்டியவை வேறு: சூடான குழாய்களுக்குச் சுற்றிய உறை, இரும்பு உத்தரங்களில் தெளித்த பூச்சு, தீத்தடுப்புக்காக வைத்த பலகைகள், சில சீலிங் பலகைகள். இவை பொலபொலப்பானவை. சும்மா இருக்கும்வரை ஆபத்து மிகக் குறைவு. நெட்வொர்க் கேபிள் இழுக்க வந்தவர் பலகையைத் தூக்கி ஓட்டை போடும்போதுதான் சிக்கல் ஆரம்பம். வழக்கமான சர்வே மேலோட்டமானது. சுவரை உடைத்து ஆபீஸை மாற்றிக் கட்டுவதானால் அதற்கென்று தனி சர்வே வேண்டும். ரெனோவேஷன் நோட்டீஸ் வந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பதிவேட்டைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டா? 4-ஆம் விதி, அந்தப் பொருளைக் கலைக்க வாய்ப்புள்ளவர்களுக்கும் அவசர சேவைகளுக்கும்தான் நேரடியாகத் தகவல் தரச் சொல்கிறது. மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு வேறு வழி இருக்கிறது. வேலையிட ஆபத்துகளைப் பற்றி ஊழியருக்குச் சொல்வது 1999-ஆம் ஆண்டு வேலையிடச் சுகாதார, பாதுகாப்பு மேலாண்மை விதிகளின்படி முதலாளியின் கடமை. யூனியனின் பாதுகாப்புப் பிரதிநிதிக்கு, 1977-ஆம் ஆண்டு பாதுகாப்புப் பிரதிநிதிகள் விதிகளின்படி இத்தகைய ஆவணங்களைப் பார்வையிட உரிமை உண்டு. கவுன்சில் போன்ற அரசு அலுவலகமானால் தகவல் சுதந்திரச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம். எதுவானாலும் ஈமெயிலில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது. பதில் வராவிட்டால் புகார் செய்யலாம்: தனியார் ஆபீஸ்களுக்குப் பெரும்பாலும் உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவிடம். அரசு அலுவலகம், பள்ளி, மருத்துவமனைக்கு எச்.எஸ்.இ. எனும் அரசின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பிடம்.

பலகை உடைந்து கீபோர்டில் தூசு விழுந்துவிட்டால் கூட்டாதீர்கள். சாதாரண வேக்வம் கிளீனர் நாரைப் பிடித்து வைக்காது, அறை முழுக்கத் திருப்பி ஊதும். வேலையை நிறுத்தி, ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்தி, பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள். உடையில் பட்டதை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், உதறக் கூடாது. நடந்ததைத் தேதியோடு எழுதி வாங்கி வையுங்கள், உங்கள் குடும்ப மருத்துவரிடமும் (ஜிபி) மருத்துவக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். உடனே எக்ஸ்ரே எடுத்துப் பயனில்லை. நோய் தெரிய 15 முதல் 60 ஆண்டுகள் வரை ஆகலாம்.

ஒருநாள் தூசால் நோய் வரும் வாய்ப்பு மிகச் சிறிது. ஆனாலும் ஆஸ்பெஸ்டாஸ் நோய்களால் அந்நாட்டில் இன்றும் ஆண்டுக்கு 5,000 பேருக்கு மேல் சாகிறார்கள். எல்லோரும் ஆலைத் தொழிலாளிகள் இல்லை. இங்கிலாந்தின் எல்ஸ்மியர் போர்ட்டில் இரும்பு டிரம் தொழிற்சாலை ஆபீஸில் 1966 முதல் 1984 வரை வேலை பார்த்த ஒரு பெண், ஆலைத் தளத்துக்கும் அவ்வப்போது போய் வந்தவர், மீசோதீலியோமா புற்றுநோயால் இறந்தார். வேலையால் அவருக்குக் கூடிய ஆபத்து வெறும் 18 சதவீதம். அதுவே போதும், நிறுவனம் பொறுப்பு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மீசோதீலியோமா வந்த ஊழியருக்குத் தொழில்சார் ஊன உதவித்தொகை உண்டு. இந்த நோய்க்கு 100 சதவீத ஊனமாகவே கணக்கிடுகிறார்கள். சுயதொழில் செய்தவருக்கு அது கிடைக்காது. அவர் 2008-இல் வந்த மீசோதீலியோமா உதவித் திட்டத்தில் ஒரே தவணையாகத் தொகை கேட்கலாம், நோய் உறுதியான 12 மாதத்துக்குள். பழைய முதலாளியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தால், 2014 மீசோதீலியோமா சட்டத்தின் கீழ் தனி நிதி இருக்கிறது. நேரடி வழக்குக்கு 3 ஆண்டுக் கெடு. அது தூசு விழுந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. நோய் வேலையால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து ஓடும்.