தங்கமீன் தொட்டியில் இறால்: மருந்து போடும் நாளில் தெரியும் சிக்கல்

மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் நான். மீனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "தொட்டியில் வேறு என்னென்ன உயிர் இருக்கு?" பெரும்பாலும் "வேற ஒண்ணும் இல்ல டாக்டர், மீன் மட்டும்தான்" என்று சொல்லிவிடுவார்கள். மருந்துச்சீட்டு எழுதி முடிக்கும் நேரத்தில்தான் நினைவு வரும்: "கொஞ்சம் இறால் கிடக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகாதுதானே?" அப்படி எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டது ஒருமுறை இரண்டுமுறை அல்ல.

தங்கமீனோடு இறாலை விட்டால் மீன் தின்றுவிடும் என்பது பலருக்கும் தெரியும். தெரிந்தும் விடுகிறார்கள். காரணம், காகிதத்தில் இரண்டும் அழகாகப் பொருந்தும். தொட்டிகளில் பலரும் விடும் குட்டிச் சிவப்பு நன்னீர் இறாலான செர்ரி இறாலுக்கு 20 முதல் 26 டிகிரி வரை வெப்பம் ஒத்துவரும். தங்கமீனுக்கு 18 முதல் 24. நடுநிலையான, கொஞ்சம் கடினத்தன்மை உள்ள நீரில் இரண்டுமே நன்றாக வாழும். "நீர் பொருந்துகிறது, அப்புறம் என்ன?" என்று கேட்டால், வாய் இருக்கிறதே என்பேன்.

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போய்விடும். சேர்த்து வைக்க இடம் இல்லாததால் நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும் உயிர் அது. மணலை அள்ளி வாயில் போட்டு, வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைத் துப்பும். தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைக்கும். செர்ரி இறால் முழுதாக வளர்ந்தாலே 3 சென்டிமீட்டர்தான். குஞ்சு 2 மில்லிமீட்டர். போதாததற்கு, இயற்கையில் மங்கலாகத் திரிந்த இறாலை நாம்தான் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பளிச்சென்று சிவப்பாக்கி வைத்திருக்கிறோம். மனிதக் கண்ணில் நிறம் காணும் செல்கள் மூன்று வகை, தங்கமீனுக்கு நான்கு. அதன் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் என்று நம்புவது கொஞ்சம் அதிகம்.

"என் மீன் ரொம்பச் சின்னது டாக்டர், இறாலைப் பார்த்தால் அதுதான் பயப்படுது" என்பவர்களும் உண்டு. இன்றைக்கு 4 சென்டிமீட்டர் இருக்கும் மீன், ஒழுங்காக வளர்த்தால் ஓரிரு ஆண்டில் 15 சென்டிமீட்டரைத் தொடும். வால் நீண்ட காமெட் வகை அதற்கும் மேலே போகும். இறால் அப்போதும் 3 சென்டிமீட்டர்தான்.

இன்னொரு நம்பிக்கை, இறால் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது. பாசியைச் சுரண்டும், மிஞ்சிய உணவைப் பொறுக்கும், கல்லிலும் இலையிலும் படியும் வழுவழுப்பை மேயும். அவ்வளவுதான். மீன் செவுள் வழியாக நீரில் கலக்கும் அம்மோனியாவை இறால் ஒன்றும் செய்யாது. அந்த வேலை ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுடையது. அவை அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தங்கமீன் நிறையத் தின்று நிறைய அழுக்காக்கும் மீன். அதற்குப் பழகிய நைட்ரேட் அளவு இறாலுக்குப் பிடிக்காது. ஓடு கழற்றும்போது சாகும், முட்டை சுமந்த பெண் முட்டையை உதிர்க்கும். மீன் தின்னாத தொட்டியிலும் இறால் குறைந்துகொண்டே போவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். (தொட்டியில் வெற்று ஓடு ஒன்று கிடந்தால் அது பிணம் என்று பதற வேண்டாம், எடுத்து எறியவும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்காக இறாலே அதைத் தின்னும்.)

சரி, பெரிய இறால் விட்டால்? அமானோ இறால் 5 சென்டிமீட்டர் வரை வளரும். ஜப்பானியரான தகாஷி அமானோ தன் செடித் தொட்டிகளில் பாசிக்காக விட்டுப் புகழ்பெறச் செய்த வகை. மீன் சிறியதாக இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் அதன் குஞ்சுகள் பிழைக்க உப்பு கலந்த நீர் வேண்டும், நன்னீர்த் தொட்டியில் பெருகாது. போனது போனதுதான். அதோடு, ஓடு கழற்றிய ஒரு நாள் எந்த இறாலும் மெத்தென்று இருக்கும், ஓடி ஒளியவும் முடியாது. அந்த ஒரு நாள் மீனுக்குப் போதும்.

நீண்ட கொடுக்குள்ள இறால்களோ நேர் எதிர்த் தொல்லை. கண்ணாடி இறால் என்று வாங்கிவந்ததில் இந்தக் கொடுக்கு இறால்களின் குட்டிகளும் கலந்திருக்கும். வால் நுனி கிழிந்த அழகான தங்கமீன் ஒன்றை வால் அழுகல் என்று நினைத்து இரண்டு வாரம் வைத்தியம் பார்த்திருக்கிறேன். ஆறவே இல்லை. கடைசியில், இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள் என்றேன். அடியில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்த மீனின் வாலை இரண்டு இறால்கள் நிதானமாகக் கத்தரித்துக்கொண்டிருந்தனவாம். முதல் நாளே என் முதல் கேள்வியை அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

இப்போது மருந்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

தங்கமீனைப் பிடிக்கும் ஒட்டுண்ணிகளில் மீன் பேனும் நங்கூரப் புழுவும் முக்கியமானவை. பேன், புழு என்று பெயர் இருந்தாலும் இரண்டுமே நண்டு, இறால் சார்ந்த ஓட்டுடலிகள். இறாலின் தூரத்து உறவு. ஆகவே அவற்றைக் கொல்லும் மருந்துக்கு இறாலை விட்டுவிடத் தெரியாது. டைஃப்ளூபென்சுரான் என்ற மருந்து ஒட்டுண்ணியின் புது ஓடு உருவாவதைத் தடுத்துக் கொல்கிறது. இறாலும் ஓடு மாற்றித்தான் வளர வேண்டும். கரிமப் பாஸ்பரஸ் மருந்துகள் நரம்பைத் தாக்கும். அதற்கும் இதே கதைதான். வெண்புள்ளி நோய்க்கான மருந்துகள் சிலவற்றில் தாமிரம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே தாமிரம்தான். ஆனாலும் நீரில் கரைந்த தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே அதைக் கொன்றுவிடும். கல்லிலும் மணலிலும் அது படிந்துவிடுவதால், ஒருமுறை தண்ணீர் மாற்றிவிட்டால் போய்விட்டது என்று கணக்குப் போட முடியாது.

ஒரு பெண்மணி கொண்டுவந்த தங்கமீன் எங்கே பார்த்தாலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. செதிள் மேல் வட்டத் தகடுபோல, கண்ணாடிபோல ஒட்டியிருந்தவை மீன் பேன்கள். தொட்டியில் அடர்ந்த பாசிச்செடிக்குள் இருபது செர்ரி இறால், எப்படியோ பிழைத்துக் கிடந்தன. மீன் பேன் தன் முட்டையை மீன்மேல் இடாது. கண்ணாடியிலும் கல்லிலும் ஒட்டிவைக்கும். மீனை மட்டும் வெளியே எடுத்து வைத்தியம் பார்த்துத் திரும்ப விட்டால், முட்டை பொரித்துப் பழைய கதைதான். தொட்டிக்கு மருந்து போட்டால் இறால் சாகும். வழி ஒன்றுதான் இருந்தது: மீன் வெளியேற வேண்டும், தொட்டியில் மீனே இல்லாமல் இருக்க வேண்டும். மீன் கிடைக்காத பேன் குஞ்சு பட்டினியில் செத்துவிடும்.

பேன்களை இடுக்கியால் எடுத்து, மீனைப் பெரிய பிளாஸ்டிக் டப்பில் விட்டு, அங்கேயே மருந்தும் கொடுத்தோம். அந்த டப்பில் பாக்டீரியா குடியேறி முதிர்ந்த ஃபில்டர் இல்லை, ஆகவே தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஏழெட்டு வாரம். அலுத்துக்கொள்ளாமல் செய்தார். இறால் இல்லாத தொட்டியாக இருந்திருந்தால், மீனை அங்கேயே விட்டு மருந்து போட்டு முடித்திருப்பேன்.

இறால் வளர்க்க ஆசை என்றால் அதற்கென்று 20 லிட்டர் தொட்டி ஒன்று போதும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஜாவா மாஸ் என்ற பாசிச்செடி ஒரு கைப்பிடி, ஃபில்டரில் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பொறுமை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகு இறாலை விடுங்கள். தங்கமீன் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சைப் போட்டு வேகப்படுத்தலாமா என்று கேட்பார்கள். அந்தத் தொட்டியில் ஒட்டுண்ணி மருந்தோ தாமிரமோ எப்போதாவது போட்டிருந்தால் வேண்டவே வேண்டாம். வலை, பக்கெட் எல்லாம் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெருகிவிட்டதென்று எதையும் குளத்திலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். இறாலுக்கும் இது பொருந்தும், தங்கமீனுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

அந்தப் பெண்மணி எட்டாவது வாரம் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். மீன் இல்லாத தொட்டியின் கண்ணாடி முழுக்க, எண்ணிமுடியாத அளவுக்குப் புள்ளி புள்ளியாக இறால் குஞ்சுகள். "மீனைத் திரும்ப விட மனசு வரல டாக்டர். அதுக்கு எத்தனை லிட்டர்ல தொட்டி வாங்கணும்?" என்று கேட்டிருந்தார். ஒரு மீனுக்கு 75 லிட்டராவது வேண்டும் என்று பதில் போட்டேன்.