பாளையங்கோட்டை வரி முடிவில் எங்கே முறியும்?

நாளிதழின் குறுகிய பத்தியில் பாளையங்கோட்டை, ஆழ்வார்திருநகரி, அம்பாசமுத்திரம் போன்ற நெல்லைச் சீமையின் நீண்ட ஊர்ப்பெயர்கள் வரியின் விளிம்பில் வந்து நின்றால், கணினி அவற்றை எங்கேனும் முறித்தாக வேண்டும். முறிக்காமல் அடுத்த வரிக்குத் தள்ளினால், மேல்வரியின் சொற்களுக்கிடையே அகன்ற வெளி விழுந்து பத்தியின் அழகு கெட்டுவிடும். முறிக்கும் இடத்தை மென்பொருள் கண்டறியும் முறை ஆங்கிலத்தில் ஒரு வகையாகவும் தமிழில் வேறொரு வகையாகவும் அமைந்திருக்கிறது.

ஆங்கிலத்துக்கு இன்றும் பெரிதும் பயன்படும் முறையை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் டொனால்ட் நூத்தின் மாணவரான ஃபிராங்க் லியாங், 1983இல் தம் ஆய்வேட்டில் வகுத்தார். அகராதிச் சொற்களை அலசி அவர் திரட்டிய 4447 எழுத்துத் துணுக்குகள், எழுத்துகளுக்கு நடுவே எண்களைத் தாங்கியவை. ஒற்றைப்படை எண் இருந்தால் அங்கே முறிக்கலாம். இரட்டைப்படை எண் இருந்தால் கூடாது. ஓரிடத்தில் பல துணுக்குகள் பொருந்தினால் பெரிய எண்ணே வெல்லும். சொல்முறிப்பைக் குறிக்கும் 'ஹைபனேஷன்' (hyphenation) என்னும் ஆங்கிலச் சொல்லில் என், ஏ ஆகிய எழுத்துகளுக்கு நடுவே ஒரு துணுக்கு 2 என்றும் மற்றொன்று 5 என்றும் இடுவதால், 5 வென்று முறிவுக்கு இடம் கிடைக்கிறது; அடுத்து ஏ, டி நடுவே 1, 4 ஆகியவை மோத, 4 வென்று தடுத்துவிடுகிறது. பொருள் எதுவும் அறியாத இத்துணுக்குகள், அகராதி காட்டும் முறிவிடங்களில் ஏறத்தாழ 89 விழுக்காட்டைக் கண்டுபிடித்துவிடுகின்றன.

ஆயினும் பொருளை அறியாமல் தீராத சொற்களும் உண்டு. பாளையங்கோட்டைப் பள்ளிகளில் வருகைப் பதிவின்போது பிள்ளைகள் சொல்லும் 'பிரசன்ட்' அத்தகையது. வந்திருப்பதையோ பரிசையோ குறிக்கும்போது அதன் முதல் அசையில் அழுத்தம் விழுவதால் எஸ் என்னும் எழுத்துக்குப் பின் அது முறியும். 'வழங்கு' என்னும் வினையாகும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்வதால், எஸ்ஸுக்கு முன்பே முறிய வேண்டும். இரண்டுக்கும் எழுத்து வரிசை ஒன்றே ஆதலால், எந்தத் துணுக்காலும் அவற்றைப் பிரித்தறிய முடியாது. எனவே நூத் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள், 14 சொற்கள் கொண்ட விதிவிலக்குப் பட்டியலில் இதையும் 'புராஜெக்ட்' என்பதையும் சேர்த்து, இவற்றை எங்குமே முறிக்காமல் விட்டுவிடுகிறது. தவறாக முறிப்பதைவிட முறிக்காமல் விடுவதே மேல் என்னும் அந்த முடிவு வாசகர்மீது கொண்ட அக்கறையைக் காட்டுவதாகவே நான் கருதுகிறேன்.

தமிழில் அசை எழுத்திலேயே தெரிகிறது. புள்ளி வைத்த மெய்யெழுத்து வரியின் தலைப்பில் வரலாகாது, உயிர்மெய்யின் குறியை அதன் மெய்யிலிருந்து பிரிக்கலாகாது என்ற இரண்டு விதிகளே பெரும்பாலும் போதும். பாளையங்கோட்டை நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடாகி 13 ஆகிவிடும். விதிகளைப் பொருத்தினால் பா, ளை, யங், கோட், டை என ஐந்து துண்டுகள் கிடைக்கும். ஓரெழுத்து மட்டும் வரியில் தனித்து நிற்பதைத் தவிர்த்தால், 'பாளை'க்குப் பின்னும் 'யங்'குக்குப் பின்னும் என இரண்டே இடங்கள் எஞ்சும்.

இவ்விரண்டும் விதிப்படி சரியே. ஆனால் நெல்லைக்காரர் அந்த ஊரைப் பேச்சில் பாளை என்றே சொல்வார்கள். தமிழ் அச்சில் சிறுகோடு இடாமலே சொல்லை முறிக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே வரி 'பாளை' என்று முடிந்தால் ஊர்ப்பெயர் அங்கேயே முடிந்ததாக எண்ணிக்கொண்டு, அடுத்த வரியின் 'யங்கோட்டை'யில் அவர்கள் தடுமாறுவார்கள். தென்னையின் பாளை நினைவுக்கு வரும் வெளியூர்க்காரரும் அவ்வாறே தடுமாறுவார். ஆங்கிலத்தில் முறிக்கும் இடத்தையே பொருள் மாற்றுகிறது. தமிழில் இடம் மாறாவிட்டாலும், முறித்த பின் மிஞ்சும் துண்டு தானே ஒரு சொல்லாகிவிடுகிறது. இதற்குச் சிறுகோட்டைத் தவறாமல் இடுவது பாதித் தீர்வு. பாளையங்-கோட்டை, ஆழ்வார்-திருநகரி, அம்பா-சமுத்திரம் என ஊர்ப்பெயர்களை அவை முறியத்தக்க ஓரிடத்தை மட்டும் குறித்து விதிவிலக்குப் பட்டியலில் ஏற்றிவிட்டால், மற்றப் பாதியும் தீரும்.