ஹாம் ஆண்டெனாவுக்குக் கம்பம் நட்டால் அமெரிக்காவில் யாரிடம் கேட்க வேண்டும்?

அமெரிக்காவில் ஹாம் (பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வாங்கியதும், கொல்லையில் 30 அடிக் கம்பம் நட்டு நாலு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அதற்குத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யிடம் தனி அனுமதி வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். 200 அடியைத் தாண்டினால்தான் விமானத்துறையான எஃப்.ஏ.ஏ.வுக்குச் சொல்லி, எஃப்.சி.சி.யில் பதிய வேண்டும்.

பக்கத்தில் விமான நிலையம் இருந்தால் கணக்கே வேறு. 3,200 அடிக்கு மேல் நீளமுள்ள ஓடுபாதை என்றால், அதிலிருந்து 20,000 அடி தூரம் வரை, ஒவ்வொரு 100 அடிக்கும் 1 அடி உயரம்தான் வரம்பு. உங்கள் வீடு 4,000 அடி தள்ளி இருக்கிறது என்று வையுங்கள், 40 அடி வரை போகலாம். நம்முடையது 30 அடிதானே என்று விட்டுவிடாதீர்கள், உயரத்தை ஓடுபாதை மட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள், உங்கள் மனை அதைவிட 15 அடி மேட்டில் இருந்தால் மொத்தம் 45 ஆகிவிடும், வேலை தொடங்க 45 நாளாவது இருக்கும்போதே எஃப்.ஏ.ஏ.வுக்கு அறிவித்தாக வேண்டும். வீட்டுக் கூரைக்கு மேல் 20 அடிக்குள் முடிந்துவிடும் கம்பத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் நகராட்சி. கட்டட அனுமதி, வேலியிலிருந்து இத்தனை அடி என்றெல்லாம் அவர்கள் கேட்கலாம், கொடுத்துவிடுங்கள். ஆனால் 1985-இல் எஃப்.சி.சி. வெளியிட்ட பிஆர்பி-1 ஆணைப்படி, உள்ளாட்சி விதி ஹாம் தொடர்புக்கு நியாயமாக இடம் கொடுக்க வேண்டும், கட்டுப்பாடும் தேவைக்கு மேல் போகக் கூடாது. 'ஆண்டெனாவே கூடாது' என்று மொட்டையாக மறுத்தால் இந்த ஆணையைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கேளுங்கள்.

கம்பம் நடும் இடத்துக்கான வரைபடத்தில் மின்கம்பி போகும் இடத்தையும் குறியுங்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆண்டெனாவின் நுனி அதிலிருந்து 10 அடியாவது தள்ளியே விழ வேண்டும். இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது வீட்டு உரிமையாளர் சங்கத்திடம். பிஆர்பி-1 அரசு அமைப்புகளைத்தான் கட்டுப்படுத்தும், நீங்களே ஏற்றுக்கொண்ட தனியார் ஒப்பந்தத்தை அது தொடாது. டிஷ் ஆண்டெனாவைக் காப்பாற்றும் 1996 விதியும் ஹாம் ஆண்டெனாவுக்குப் பொருந்தாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனாலும் இன்றைய நிலை இதுதான். அதனால் வீடு வாங்கக் கையெழுத்துப் போடும் முன் சங்க விதிகளில் ஆண்டெனா பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள், தடை இருந்தால் விலக்கை அப்போதே எழுத்தில் கேளுங்கள்.